ஏழாவது படத்தில் ஒரு கை

சென்ற இதழில் வந்த 'கறுப்பு வெள்ளையில் கண்ணியம்' கட்டுரையோடு அச்சான படங்களில் ஏழாவதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய மெதினாவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் எடுத்தது. ஜெல்லாபா என்ற நீண்ட அங்கி அணிந்த நடுத்தர வயதுப் பெண். இடது கையில் பின்னல் கூடை, கூடைக்கு மேலே புதினாக் கட்டு தலை நீட்டுகிறது. வலது கை முகத்துக்கு நேரே உயர்ந்திருக்கிறது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை லென்ஸைப் பார்க்கிறது. விரல் நுனிகளில் மருதாணி. கைக்குப் பின்னால் பாதிக் கண் தெரிகிறது. வெளிச்சம் அருமை, அதை மறுக்க மாட்டேன். மேலே மூங்கில் பந்தலின் இடுக்கு வழியே இறங்கிய வெயில் அந்த உள்ளங்கையில் மட்டும் விழுந்திருக்கிறது.

படத்துக்குக் கட்டுரையாளர் வைத்திருக்கும் பெயர் 'நாணம்'.

பதினான்கு வருடமாகக் கேமராவைத் தூக்கிப் பிழைப்பவள் நான். உள்ளங்கையை இப்படி விரித்து நீட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஃபெஸ்ஸில் நீட்டினாலும் டாக்காவில் நீட்டினாலும் எங்கள் மேலப்பாளையத்தில் நீட்டினாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேண்டாம். அந்த அம்மாள் வேண்டாம் என்றார். கட்டுரையாளர் அந்த வேண்டாமையும் சேர்த்து எடுத்து, ஃபிரேம் போட்டு, கண்காட்சிச் சுவரில் மாட்டி, நாணம் என்று சீட்டு ஒட்டி, இதுதான் கண்ணியம் என்று பக்கம் பக்கமாக விளக்கவுரையும் எழுதிவிட்டார்.

அவர் சொல்வதைத் திரிக்காமல் எடுத்து வைக்கிறேன். மொராக்கோ, துருக்கி, ஈரான், வங்கதேசம் ஆகிய நான்கு நாடுகளில் ஆறு வருடமாகப் பெண்களைத் தெருவில் படமெடுத்திருக்கிறார். முஸ்லிம் நாட்டுப் பெண் என்றாலே உலகம் பரிதாபத்தோடோ பயத்தோடோ பார்க்கிறது, தான் மரியாதையோடு பார்ப்பதாகச் சொல்கிறார். அந்த மரியாதைக்குச் சாட்சியாக அவர் நிறுத்துவது நிறமின்மையை. வண்ணம் கவனத்தைச் சிதறடித்து உடையைப் பார்க்க வைக்கும், கறுப்பு வெள்ளை ஆன்மாவைப் பார்க்க வைக்கும் என்கிறார். அனுமதி கேட்டால் முகம் 'போஸ்' ஆகி உண்மை செத்துவிடும் என்கிறார். தெரு பொது இடம் என்கிறார். குரலற்ற பெண்களுக்குத் தன் கேமரா குரல் கொடுக்கிறது என்கிறார். இதை எதிர்ப்பவர்கள், அந்தப் பெண்களைத் திரும்பவும் திரைக்குள் தள்ளப் பார்க்கும் முல்லாக்கள், அல்லது முல்லாக்களுக்கு வக்காலத்து வாங்கும் பேராசிரியர்கள் என்று முடிக்கிறார்.

நான் முல்லா இல்லை. பேராசிரியரும் இல்லை. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க 'லேடி போட்டோகிராபர்' தேடுவார்களே, அந்த ஆள். பெண்களைப் படமெடுக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் என் வீட்டு அடுப்புதான் முதலில் அணையும். கறுப்பு வெள்ளையும் எனக்குப் பகையில்லை. ஆகவே அவர் கட்டிவைத்திருக்கும் கொட்டடி எதிலும் நான் அடங்க மாட்டேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

வண்ணம் கவனத்தைச் சிதறடிக்குமாம். யாருடைய கவனத்தை? துருக்கியின் அனடோலியக் கிராமங்களில் பெண்கள் கட்டும் முக்காட்டுத் துணியின் ஓரத்தில் ஊசியால் பின்னிய சிறுசிறு பூக்கள் தொங்கும். 'ஓயா' என்பார்கள். பார்வைக்கு அலங்காரம், ஆனால் அதில் பேச்சு இருக்கிறது. புது மருமகள் சிவப்பு மிளகாய் ஓயா கட்டிக்கொண்டு வந்தால், புருஷனோடு காரசாரமாக ஏதோ நடந்திருக்கிறது என்று மாமியாரும் அக்கம்பக்கமும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. வாயைத் திறக்காமல் ஊருக்கே சொல்லிவிடுகிற வித்தை. கட்டுரையாளரின் மூன்றாவது படம், சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண். முக்காட்டு ஓரத்தில் கூராக ஏதோ தொங்குகிறது. மிளகாயா, மொட்டா? சாம்பல் நிறத்தில் எப்படித் தெரியும்? படத்தின் பெயர் 'மௌனம்'. பேச்சை அழித்துவிட்டு மௌனத்தைப் புகழ்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

மொராக்கோவின் ஜெல்லாபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மராகேஷ் தெருவில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் பிஸ்தாப் பச்சை, கடுகு மஞ்சள், ரோஜா, வெங்காயத்தோல் நிறம் என்று கண் கூசும். பெண்கள் துணிக்கடையில் புரட்டிப் புரட்டித் துணி எடுத்து, அதற்கு எந்தப் பின்னல் பட்டி ஒத்துவரும், நூலில் முடிந்த பொத்தான் எந்த நிறத்தில் என்று தையற்காரரோடு மல்லுக்கட்டித் தைத்து வாங்குவது அது. ஏழாவது படத்தில் இருப்பவரின் ஜெல்லாபா என்ன நிறம்? எனக்குத் தெரியாது. எடுத்தவருக்கு நினைவிருக்குமா என்பதும் சந்தேகம். உடையைப் பார்க்கக்கூடாது, ஆன்மாவைப் பார்க்கவேண்டும் என்கிறவர், அந்தப் பெண் தன் கையால் தேர்ந்தெடுத்த ஒன்றை முதல் வேலையாகக் கழுவி ஊற்றிவிட்டார்.

கறுப்பு உடைக்குக்கூட இந்த நியாயம் பொருந்தாது. அல்ஜீரியாவின் மற்றப் பகுதிகளில் பெண்கள் வெள்ளை ஹாய்க் போர்த்தியபோது, கான்ஸ்டன்டைன் பக்கத்துப் பெண்கள் கறுப்பு முலாயா போர்த்தினார்கள். 1792-இல் கொல்லப்பட்ட சாலஹ் பே என்ற ஆளுநருக்காகத் துக்கம் காக்கத் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது என்று அந்த ஊரில் சொல்வார்கள். கதையோ வரலாறோ, அந்தக் கறுப்பு ஒரு கறுப்பு. ஈரானியப் பெண் வெளியே போர்த்தும் சாதர் கறுப்பு. வீட்டில் தொழுகைக்குப் போர்த்துவது சின்னச் சின்னப் பூப்போட்ட வெளிர்நிறத் துணி. தெருவை மட்டும் கண்டவர் கறுப்பைத்தான் கண்டிருப்பார், சரி. ஆனால் அது ஈரானியப் பெண்ணின் ஆன்மா என்று எழுத வேண்டாம்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். கேமராவின் மீட்டருக்குக் கண் கிடையாது. எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பல் என்றே நம்பும். கறுப்புச் சாதர் சட்டகத்தை நிறைத்து நின்றால், இருட்டாக இருக்கிறதென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். துணி சாம்பலாகும், முகம் வெளுத்துப்போகும். விவரம் தெரிந்தவர்கள் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்து, பிறகு அச்சிடும்போது துணியின் மடிப்புகளைப் பொறுமையாக மேலே கொண்டுவருவார்கள். பதினோராவது படத்தில், தெஹ்ரானில் எடுத்ததில், மடிப்பு ஒன்றுகூட இல்லை. உடம்பு இருந்த இடத்தில் மைக்கறை. அதற்கு மேலே வெட்டி ஒட்டியதுபோல் ஒரு முகம். 'நிழலிலிருந்து மலரும் முகம்' என்று கட்டுரையாளர் உருகுகிறார். நிழல் தெருவில் இருக்கவில்லை ஐயா, அச்சிடும்போது நீங்கள் கூட்டிய கான்ட்ராஸ்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தோள் இருந்தது, முழங்கை இருந்தது, நடையில் ஒரு வேகம் இருந்தது. அத்தனையையும் மையில் முக்கிவிட்டு முகம் மலர்ந்ததாகச் சொல்கிறீர்கள்.

துருக்கியில் யில்டிஸ் மோரான் என்று ஒருவர் இருந்தார். 1932-இல் பிறந்தவர், இங்கிலாந்தில் புகைப்படக் கலை படித்துவிட்டு ஊர் திரும்பி, 1950களில் அனடோலியா முழுக்க அலைந்து எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அந்தப் படங்களில் கிராமத்துப் பெண்களுக்கு எடை இருக்கிறது, அவர்கள் கால் தரையில் ஊன்றியிருக்கிறது. அன்றைக்குப் பெரும்பாலோர் கையில் இருந்த ஃபிலிம் கறுப்பு வெள்ளை, அவரும் அதில் எடுத்தார். அதையே ஒரு அறமாக்கிக் கடைவிரிக்கவில்லை. கட்டுரையாளர் துருக்கிக்கு மூன்று முறை போனவர். மோரானின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை.

இருக்கும் பெயர் வேறு. நடுப்பக்கத்தில் ஒரு வரி: பிரெஞ்சுக்காரரான மார்க் கராஞ்சே எடுத்த அல்ஜீரியப் பெண்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் தனக்கு முன்மாதிரியாம், பார்வையின் கண்ணியத்தை அவற்றிடமிருந்து கற்றாராம். அடுத்த வரியில் காசாபிளாங்கா காபிக்கடைக்குப் போய்விடுகிறார். போயிருக்கக் கூடாது. அந்த வரியில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை அவர் எழுதியிருக்கவே முடியாது.

1960. அல்ஜீரிய விடுதலைப் போர் நடக்கிறது. கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இளைஞர் கராஞ்சே, படைப்பிரிவின் புகைப்படக்காரராக இருக்கிறார். மலைக் கிராமத்து மக்களை வீட்டிலிருந்து பெயர்த்து, ராணுவக் கண்காணிப்பில் புதிய குடியிருப்புகளில் அடைத்திருந்தது பிரெஞ்சுப் படை. அவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை வேண்டும் என்று தளபதி உத்தரவு போட்டார். பத்து நாளில் சுமார் 2000 பேர், அதாவது நாளுக்கு 200. பெரும்பாலும் பெண்கள். வெள்ளையடித்த சுவர், அதற்கு முன்னால் ஒரு முக்காலி. முறை வந்ததும் உட்கார வேண்டும், முகத்திரையை விலக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அங்கே இடமில்லை. கணவனுக்கும் தகப்பனுக்கும் உடன்பிறந்தவனுக்கும் தவிர வேற்று ஆணுக்கு முகம் காட்டாத பெண்கள், அன்னிய ராணுவத்தான் ஒருவனின் லென்ஸுக்கு முன்னால் தலைமுடி தெரிய உட்கார வைக்கப்பட்டார்கள்.

அட்டைக்கு முகம் மட்டும் போதும். கராஞ்சே இடுப்பு வரை எடுத்தார். அந்தப் போரை வெறுத்தவர் அவர். நடப்பது கொடுமை என்று தெரிந்தே எடுத்தார், சாட்சியம் வேண்டும் என்று எடுத்தார். அந்தப் பெண்கள் லென்ஸை முறைத்தார்கள். உதடு இறுகியிருக்கிறது. சிலர் கண்ணில் நெருப்பு, சிலர் கண்ணில் ஒன்றுமே இல்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டவர்களின் கண். அந்த அச்சுகளை மேலதிகாரிகளிடம் கொடுத்தபோது, எவ்வளவு அவலட்சணம் பாருங்கள் என்று வாய்க்கு வந்தபடி ஏசி அவர்கள் இளித்ததைக் கராஞ்சே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1982-இல் படங்கள் புத்தகமாக வந்தன. 2004-இல் திரும்பிப் போய், உயிரோடு இருந்தவர்களில் சிலரைத் தேடிக் கண்டு படங்களைக் கையில் கொடுத்தார்.

இப்போது கட்டுரையாளரிடம் கேட்கிறேன். கறுப்பு வெள்ளை, இருந்தது. நேருக்கு நேர் பார்வை, இருந்தது. கவனத்தைச் சிதறடிக்காத வெற்றுச் சுவர், இருந்தது. உங்கள் அளவுகோல்படி கண்ணியத்துக்கு வேண்டிய அத்தனை சரக்கும் அந்தப் படங்களில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, அந்த முக்காலியிலிருந்து எழுந்து போகும் உரிமை. கராஞ்சே தன் படங்களுக்குக் கண்ணியம் என்று பெயர் வைக்கவில்லை. அந்தப் பெண்களின் பார்வையில் இருந்தது வாய்திறக்காத, மூர்க்கமான எதிர்ப்பு என்றும், அதற்கு முதல் சாட்சி தான் என்றும்தான் சொன்னார். தன்னை எதிர்த்த கண்களை எதிர்ப்பு என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்த மனிதருக்கு இருந்தது. அவரைக் குரு என்று சொல்லிக்கொள்பவர் தன்னை எதிர்த்த கைக்கு நாணம் என்று பெயர் வைக்கிறார்.

கண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். கண்களை நம்பி உலகமே ஏமாந்த கதை ஒன்று உண்டு. அது வண்ணப்படம், எனவே அவர் கணக்கில் வராது, இருந்தாலும் சொல்கிறேன். 1984 டிசம்பரில் பெஷாவர் பக்கத்து நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமி, 1985 ஜூனில் நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்தாள். அந்தப் பச்சைக் கண்ணில் போரின் பயத்தைக் கண்டார்கள், அகதியின் ஏக்கத்தைக் கண்டார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை. 2002-இல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. அன்றைக்கு என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால், கோபம் என்றார். முன்பின் தெரியாத ஆள் படமெடுத்தான் என்ற கோபம். பதினேழு வருடம் உலகம் உருகி உருகிப் பார்த்தது அந்த ஆள்மீது இருந்த எரிச்சலை. 2016-இல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் கைதாகி நாடு கடத்தப்பட்டார், 2021-இல் இத்தாலி அடைக்கலம் கொடுத்தது. அந்தக் கண்ணைப் பார்த்து எவராவது இதில் ஒரு வரியைப் படித்திருக்க முடியுமா?

கேட்டால் 'போஸ்' ஆகிவிடும் என்பதற்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய இடம் இதுதான். எங்கள் ஊர் நிக்காஹ் மண்டபத்தில், பெண்கள் பக்கம், கதவு சாத்திய பிறகு நான் எடுக்கும் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "ராத்தா, இதுல என் கண்ணு மூடிருக்கு, அழிச்சிருங்க." "இது இருக்கட்டும், ஆனா என் போனுக்கு மட்டும் அனுப்புங்க, குரூப்ல போட்றாதீங்க." மணப்பெண்ணின் உம்மா கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணூறு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஒருத்தி நினைக்கிறாளோ அதுவும் அவளைப் பற்றிய உண்மைதான். அவளுக்குத் தெரியாமல் அவள் முகத்திலிருந்து உருவிய ஒரு நொடிதான் அசல், அவளே நின்று காட்டியது போலி என்பது எந்த ஊர் கணக்கு?

கேட்டு எடுத்தவர் ஒருவரைச் சொல்கிறேன். புகைப்படக்காரர் லைலா அலவி மொராக்கோவின் கிராமத்துச் சந்தைகளில் கூடாரம்போல ஒரு ஸ்டுடியோவை விரித்து, கறுப்புத் திரையைத் தொங்கவிட்டு, வந்து நின்றவர்களை எடுத்தார். அதே நாட்டு ரத்தம், மொழி தெரிந்தவர், அவருக்கே பலர் மறுத்தார்கள். கேமராமேல் அங்கே அவ்வளவு சந்தேகம். மறுத்தவர்களை விட்டுவிட்டு, நின்றவர்களை எடுத்தார். அந்த முகங்களில் ஒன்றையாவது பொய் என்று கட்டுரையாளர் காட்டட்டும். 2016 ஜனவரியில் புர்கினா ஃபாசோ தலைநகரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் காயப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 33.

பெண்கள் தயங்குவதற்குக் கட்டுரையாளர் காரணமும் கண்டுபிடித்திருக்கிறார்: இஸ்லாத்தில் உருவப்படம் ஹராம். இதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஈரானை 1848 முதல் 1896 வரை ஆண்ட நாசிருத்தீன் ஷா தன் அந்தப்புரத்து மனைவியரைத் தானே கேமரா பிடித்து எடுத்துத் தள்ளியவர். எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த முகமது பகீத் அல்முதீஈ, புகைப்படம் கண்ணாடியில் விழும் பிம்பம் மாதிரிதான், தடையில்லை என்று நூறு வருடத்துக்கு முன்னரே எழுதிவிட்டார். வேறு கருத்துள்ள மார்க்க அறிஞர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஃபெஸ் சந்தில் புதினா வாங்கிக்கொண்டு போனவர் இந்த வாதங்களையெல்லாம் யோசித்துக் கையை உயர்த்தவில்லை. யாரோ ஒரு வெளியூர் ஆள் கேமராவைத் தூக்கினான், அவருக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவு எளிதாக இருக்கலாம் என்பது ஏன் தோன்றாமல் போயிற்று?

தெரு பொது இடம் என்ற வாதம் எனக்கு நன்றாகப் பழக்கம். நம் ஊரில் வேறு காரியத்துக்கும் இதையே சொல்வார்கள். துபாயில் அனுமதியில்லாமல் ஒரு பெண்ணைப் படமெடுத்தால் சிறையும் அபராதமும் உண்டு, நம்மவர்களில் வளைகுடா போய்வந்த எவருக்கும் இது தெரியும். கட்டுரையாளர் ஆறு வருடத்தில் நான்கு முறை துபாய் வழியாகத்தான் பறந்ததாக எழுதுகிறார். அங்கே எடுத்த தெருப்படம் ஒன்றுகூடத் தொகுப்பில் இல்லை. தெரு பொது இடம் என்ற தத்துவம் அபராதச் சீட்டைக் கண்டதும் பைக்குள் போய்விடுகிறது போல.

ஈரானில் நிலைமை இன்னும் கொடியது. முக்காடு போடாத பெண்களை அடையாளம் காணப் பொது இடங்களில் கேமரா வைக்கிறோம் என்று 2023 ஏப்ரலில் அந்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. அந்தக் கேமராக்களும் தெருவில்தான் நிற்கின்றன. அவையும் அனுமதி கேட்பதில்லை. தெரு பொது இடம் என்றுதான் அவற்றை வைத்தவர்களும் சொல்வார்கள். கட்டுரையாளரின் நோக்கம் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு மேல் முக்காடு நழுவிய அந்தப் பதினான்காம் படத்து இளம்பெண்ணை, முகம் தெளிவாகத் தெரிய, ஊர்ப் பெயரோடு அச்சிட்டபோது அவர் என்ன நினைத்தார் என்று சொல்லட்டும். முக்காடு சரியில்லை என்று காவல்துறை பிடித்துச்சென்ற மாசா அமினி இறந்து நாற்பதாம் நாள், 2022 அக்டோபரில், சக்கெஸ் நகரத்துச் சாலையில் கார்மேல் ஏறி நின்ற பெண்ணின் படம் உலகமெங்கும் போயிற்று. முதுகைத்தான் காட்டுகிறது. அவிழ்ந்த கூந்தல், அதற்கு அப்பால் மயானத்தை நோக்கி நடக்கும் கூட்டம். முகம் இல்லாததால் அந்தப் படத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

வங்கதேசத்தில் 1971-இல் நாயிப் உத்தீன் அகமது எடுத்தது இன்னொன்று, இது கறுப்பு வெள்ளை. போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண் தன் தலைமுடியை முன்னால் இழுத்து முகத்தை முழுக்க மூடி, இரண்டு கை முஷ்டிகளையும் அதன்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டில் வளையல்கள். பார்க்க அனுமதித்தது எவ்வளவோ அவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஐம்பது வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் குனிந்துதான் பார்க்கிறார்கள்.

படம் எடுத்தவர் விமானம் ஏறிவிடுவார். படத்தின் பலன் எடுக்கப்பட்டவளோடு ஊரில் தங்கும். லெபனானின் சைதா நகரில் ஷெஹ்ரசாத் ஸ்டுடியோ வைத்திருந்த ஹாஷெம் எல் மதனி சொன்ன சம்பவம் ஒன்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1957 வாக்கில், ஒரு பெண் கணவனுக்குத் தெரியாமல் அவரிடம் வந்து படம் எடுத்துக்கொண்டார். சந்தேகக்காரக் கணவன் வந்து நெகட்டிவைக் கேட்டான். முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் மற்றவர்கள் படமும் இருந்ததால் மதனி தர மறுத்தார். முடிவில் அந்த ஆளின் கண்முன்னே குண்டூசியால் அந்தப் பெண்ணின் நெகட்டிவைக் கீறினார். சில வருடம் கழித்து அந்தப் பெண் தீக்குளித்து இறந்தார். கணவன் திரும்பவும் ஸ்டுடியோவுக்கு வந்தான், அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்க.

படம் எடுத்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு ஆசை இருந்தது. காசு கொடுத்து, நல்ல உடை உடுத்தி, தானாக நடந்து வந்தார். முஸ்லிம் பெண்கள் கேமராவுக்கு அஞ்சி ஒதுங்குபவர்கள், கட்டுரையாளர் போன்றவர்கள் போய் எடுத்தால்தான் உண்டு என்ற கதை இங்கேயே உடைகிறது. படத்தால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகலாம் என்பதும் இங்கேயே இருக்கிறது. ஆசையும் ஆபத்தும் அவளுடையவை. எடுக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள்.

கடைசியாக, 'குரலற்றவர்கள்'. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறோம், இங்கே ஆடு நனையவே இல்லை. 1979 மார்ச் 8, தெஹ்ரான். வேலைக்குப் போகும் பெண்கள் முக்காடு போட வேண்டும் என்று முந்தைய நாள் புரட்சித் தலைவர் கொமெய்னி சொல்லியிருக்கிறார். பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், நாள் கணக்கில் இறங்கினார்கள். ஈரானியப் புகைப்படக்காரர் ஹெங்காமே கொலெஸ்தான் கேமராவோடு அந்தக் கூட்டத்துக்குள் நடந்தார். கறுப்பு வெள்ளை, தெரு, முஸ்லிம் நாட்டுப் பெண்கள். கட்டுரையாளரின் தலைப்புக்கு அச்சு அசல் பொருந்தும். ஆனால் அந்தப் படங்களில் பெண்கள் கத்துகிறார்கள், விரலை நீட்டிச் சண்டை போடுகிறார்கள், தோழியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள். ஒருவரும் மௌனமாக இல்லை, ஒருவருக்கும் குரல் இரவல் தேவைப்படவில்லை. அவர்கள் தங்களைக் காட்டத்தான் வந்திருந்தார்கள், கேமராவும் அவர்களில் ஒருத்தியின் கையில் இருந்தது. டாக்காவில் 'பேகம்' பத்திரிகைக்காக 1950களிலிருந்து எடுத்த சயீதா கானம், 1971-இல் துப்பாக்கியைத் தோளில் சாத்தி அணிவகுத்த பெண்களை எடுத்ததும் இப்படித்தான்.

மொராக்கோவுக்கு அலவி, துருக்கிக்கு மோரான், ஈரானுக்கு ஹெங்காமே, வங்கதேசத்துக்குச் சயீதா கானம். கட்டுரையாளர் போன நான்கு நாடுகளுக்கும் நாட்டுக்கொருவராக எண்ணிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர் பெயர் சொல்லும் புகைப்படக்காரர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள், எட்டு பேர் ஐரோப்பியர் அல்லது அமெரிக்கர், மிச்சம் ஒருவர் அவரே. குரலற்றவர்கள் என்று அவர் எழுதியதன் பொருள், தனக்குக் காது கேட்கவில்லை என்பதுதான்.

அவருடைய எல்லாப் படங்களையும் நான் தள்ளவில்லை. ஐந்தாவது படத்தில், டாக்கா நெரிசலில் ரிக்‌ஷாவிலிருந்து குனிந்து காய்கறிக்காரரோடு பேரம் பேசும் கிழவி, லென்ஸைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கியிருக்கிறார். இருவருக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. அனேகமாக அந்த ஆச்சி இவரைக் கிண்டல் செய்திருக்க வேண்டும். அந்த ஒரு படத்தில் கட்டுரையாளர் கொஞ்சம் அசடு வழிந்து நிற்பது தெரிகிறது. தொகுப்பில் நல்ல படமும் அதுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை நடக்கிறது என்று அறிவிப்பில் பார்த்தேன். பதினான்காம் படத்தின் கீழே இருக்கும் ஊர்ப் பெயரை இன்றைக்கே அழித்துவிடுங்கள். ஏழாவது படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள்.